'ஆல்' என்பதா, 'ஓடு' என்பதா? பெருந்தொற்றில் ஒரு சாவின் காரணம் எழுதப்படும் விதம்

2020 மார்ச் 25 அதிகாலையில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் 54 வயது ஆண் ஒருவர் இறந்தார். தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் அது. அன்றைய சுகாதாரத்துறை அமைச்சர் அதை அறிவித்தபோதே, அவருக்குக் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ஸ்டீராய்டு எடுத்தாக வேண்டிய நாள்பட்ட நுரையீரல் நோய் எல்லாம் இருந்ததையும் சேர்த்துச் சொன்னார். அதிலிருந்து ஏறத்தாழ இரண்டு வருடம் ஒவ்வொரு மாலையும் சுகாதாரத்துறையின் செய்திக்குறிப்பு வந்தது. இத்தனை வயது, ஆண் அல்லது பெண், எந்த மாவட்டம், எந்தத் தேதியில் சேர்ந்தார், எத்தனை நாளாகக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும், எந்தத் தேதியில் இறந்தார் என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வரி. இணைநோய் உள்ளவர்கள் ஒரு பட்டியல், இல்லாதவர்கள் இன்னொரு பட்டியல்.

'இணைநோய்' என்ற சொல் அப்போதுதான் நம் வீடுகளுக்குள் வந்தது. வந்த கையோடு ஒரு வாதத்தையும் கூட்டி வந்தது: "அவருக்கு ஏற்கெனவே சுகர் இருந்ததுப்பா, கொரோனாவால் சாகவில்லை."

தமிழ் இலக்கணத்தில் ஆல், ஓடு இரண்டுமே மூன்றாம் வேற்றுமை உருபுகள். ஒன்று கருவியையும் செய்தவரையும் காட்டும், மற்றது உடன் இருந்ததைக் காட்டும். கொரோனாவால் இறந்தாரா, கொரோனாவோடு இறந்தாரா? உலகம் முழுக்க மருத்துவர்களும் புள்ளிவிவரத் துறைகளும் அரசுகளும் நீதிமன்றங்களும் மல்லுக்கட்டியது இந்த இரண்டு உருபுகளுக்கு இடையில்தான். அதற்கு விடை சொல்லும் முறை ஒன்று பெருந்தொற்றுக்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அது எப்படி வேலை செய்கிறது, எங்கெல்லாம் அறுந்துபோனது என்று பார்க்கலாம்.

மருத்துவமனையில் ஒருவர் இறந்தால், சிகிச்சை தந்த மருத்துவர் நிரப்ப வேண்டிய தாள் படிவம் 4. வீட்டில் இறந்து, கடைசி நாட்களில் மருத்துவர் ஒருவர் பார்த்திருந்தால் படிவம் 4ஏ. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் வருபவை இவை. அடிப்படை வடிவம் உலக சுகாதார நிறுவனம் வகுத்தது, அதனால் ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்தத் தாளின் மனசு முழுக்க முதல் பகுதியில் உள்ள மூன்று வரிகளில் இருக்கிறது. முதல் வரியில் சாவுக்கு உடனடிக் காரணம். இரண்டாவது வரியில் அது எதனால் வந்தது. மூன்றாவது வரியில் அந்த 'எதனால்' எதனால் வந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது தொடங்கியதற்கும் மரணத்துக்கும் இடையே எவ்வளவு காலம் என்று எழுத ஒரு கட்டம். இரண்டாம் பகுதி தனி: சாவுக்குத் துணைபோன, ஆனால் அந்தச் சங்கிலியில் சேராத மற்ற நோய்கள்.

58 வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. மாத்திரை போட்டுக்கொண்டு கடைக்குப் போய்வந்து கொண்டிருந்தவர். காய்ச்சல் வந்து, பரிசோதனையில் கொரோனா என்று தெரிந்து, ஏழாம் நாள் நுரையீரல் கெட்டு, பன்னிரண்டாம் நாள் இறந்துவிட்டார். தாளை நிரப்பும் மருத்துவர் முதல் வரியில் 'கடுமையான மூச்சுக்கோளாறு, 2 நாள்' என்று எழுத வேண்டும். அதன் கீழே 'நிமோனியா, 5 நாள்'. அதற்கும் கீழே 'கோவிட்-19, 12 நாள்'. சர்க்கரை நோய், 15 வருடம் என்பது இரண்டாம் பகுதிக்குப் போகும்.

கீழிருந்து மேலே படித்தால் நடந்தது வரிசையாகப் புரியும். கணக்கில் 'அடிப்படைக் காரணம்' என்று எடுக்கப்படுவது கடைசி வரி. மரணத்தில் போய் முடிந்த நிகழ்வுகளின் வரிசையைத் தொடங்கி வைத்த நோய் அல்லது காயம் எதுவோ அதுவே அடிப்படைக் காரணம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கடைசியில் நடந்தது முக்கியமில்லை, எது முதலில் தள்ளிவிட்டது என்பதே கேள்வி. சர்க்கரை அவரைப் பலவீனமாக்கியது, உண்மைதான். ஆனால் சர்க்கரை நோய் கொரோனாவைக் கொண்டுவருவதில்லை. அதனால் 'சர்க்கரையின் விளைவாகக் கோவிட்' என்று ஒரு மருத்துவர் எழுத முடியாது, விதிகள் அதை ஏற்காது. நம் ஊரில் ஐம்பதைத் தாண்டியவர்களில் சர்க்கரையோ பிரஷரோ இல்லாதவர்களைத் தேடத்தான் வேண்டும். அவர்களை எல்லாம் 'ஏற்கெனவே நோயாளி' என்று கணக்கிலிருந்து கழித்தால் மிச்சம் யார் இருப்பார்கள்?

இந்த முறைக்கு மிகப் பெரிய எதிரி வேறொன்று. படிவத்தின் முதல் வரியில் 'இதயமும் சுவாசமும் நின்றது' என்று எழுதி, மற்ற இரண்டு வரிகளையும் காலியாக விட்டுவிடுவது. இறந்த எல்லோருக்கும் இதயம் நின்றுதான் போயிருக்கும். அது சாவின் காரணம் இல்லை, சாவேதான். படிவத்திலேயே இதை எழுத வேண்டாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள், இருந்தும் எழுதப்படுகிறது. இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர், வெளியே ஆம்புலன்ஸ் வரிசை, பக்கத்துப் படுக்கையில் ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு தாளின் மூன்று வரிகளை யோசித்து நிரப்புவது எவ்வளவு கடினம் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தாள் பிறகு எந்தப் பக்கமும் திரும்பாது. அதில் இல்லாத காரணம் நாட்டின் கணக்கிலும் இருக்காது.

2020 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே தனி வழிகாட்டுதல் தந்தது. நோய்க்குறிகள் பொருந்தி வந்து, தொற்று உறுதியான அல்லது இருக்கலாம் என்று கருதப்படும் ஒருவர் இறந்தால் அது கோவிட் மரணம். விபத்து போலத் தொடர்பே இல்லாத தெளிவான வேறு காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. நோய்க்கும் சாவுக்கும் நடுவில் அவர் முழுதாகக் குணமாகியிருக்கவும் கூடாது. சாவின் காரணத்தைப் பதிய இரண்டு குறியீடுகளும் உண்டாயின. பரிசோதனையில் கிருமி உறுதியானால் யூ07.1, உறுதியாகாமல் மருத்துவர் கணிப்பில் கோவிட் என்றால் யூ07.2. அடுத்த மாதமே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஏறத்தாழ இதையே நம் மருத்துவர்களுக்குச் சொன்னது. பரிசோதனை முடிவு வராவிட்டாலும், நெகட்டிவ் என்று வந்தாலும், நோய்க்குறிகள் கோவிட் போல இருந்தால் அதற்கென்று எழுத இடம் இருந்தது.

ஆக, ஏட்டில் எல்லாம் இருந்தது. நடந்தது வேறு.

மூக்கில் எடுத்த மாதிரியில் கிருமி சிக்காமல் போவது உண்டு. நோய் நுரையீரலுக்குள் இறங்கிய பிறகு மூக்கில் இல்லாமலும் இருக்கலாம். 2021 மே மாதம், இரண்டாம் அலையின் உச்சத்தில், சி.டி. ஸ்கேனில் இரண்டு நுரையீரலும் வெள்ளையடித்தது போல இருக்க, ஆர்.டி.பி.சி.ஆர். நெகட்டிவ் என்று கையில் தாளோடு எத்தனை பேர் அலைந்தார்கள்! அவர்கள் கோவிட் வார்டில்தான் படுத்தார்கள், கோவிட் மருந்தைத்தான் வாங்கினார்கள், உடலை உறையில் சுற்றித்தான் கொடுத்தார்கள். ஆனால் மாலைச் செய்திக்குறிப்பின் எண்ணிக்கையில் பாசிட்டிவ் என்று வந்தவர்கள்தான் ஏறினார்கள். படுக்கை கிடைக்காமல் வீட்டிலேயே போனவர்களைக் கேட்கவே வேண்டாம்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாலையில் வரும் எண் ஒரு கணக்கு: மருத்துவமனை மாவட்டத்துக்குச் சொல்லி, மாவட்டம் சென்னைக்குச் சொல்லி, அங்கிருந்து டெல்லி போவது. வேகம் அதன் குணம். மாநகராட்சியும் கிராம நிர்வாக அலுவலரும் வைத்திருக்கும் இறப்புப் பதிவேடு இன்னொரு கணக்கு. படிவம் 4 வழியாக வரும் மருத்துவக் காரணக் கணக்கு மூன்றாவது. இவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை, யாராவது உட்கார்ந்து ஒப்பிட்டால் ஒழிய.

சென்னையில் ஒரு முறை ஒப்பிட்டார்கள். 2020 ஜூனில், மாநகராட்சியின் பதிவேட்டில் இருந்த கொரோனா இறப்புகள் 200-க்கும் மேல் மாநிலத்தின் பட்டியலில் இல்லை என்பது வெளியே வந்தது. குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஜூலை 22-ஆம் தேதி, விடுபட்ட 444 மரணங்கள் ஒரே நாளில் சேர்க்கப்பட்டு, மாநிலத்தின் மொத்த எண் 3,144 ஆனது. அன்று பலர் அதை ஊழல் போலப் பேசினார்கள். என் பார்வையில், விடுபட்டதைத் தேடிப்போய்ச் சேர்த்ததுதான் அந்த நாட்களில் நடந்த நேர்மையான காரியங்களில் ஒன்று. தவறு எங்கே என்றால், அதை ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு மூன்று மாதமும் செய்யாமல் விட்டதில்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2020 ஏப்ரல் 14 அன்று நியூயார்க் நகரம், பரிசோதனையே செய்யப்படாமல் இறந்த 3,700-க்கும் மேற்பட்டவர்களைத் தன் கணக்கில் சேர்த்தது. மூன்று நாள் கழித்து வூஹான் 1,290 பேரைச் சேர்த்து 3,869 என்று திருத்தியது. 2021 ஜூனில் பீகார் ஒரே நாளில் 3,951 பேரைச் சேர்த்தது. இங்கிலாந்தில் எதிர்த்திசையில் போனார்கள். ஒருவருக்கு எப்போதாவது பாசிட்டிவ் வந்திருந்தால், பிறகு எந்தக் காரணத்தால் இறந்தாலும் கோவிட் கணக்கு என்று அங்கே எண்ணிவந்தார்கள். மார்ச்சில் நோய் வந்து குணமானவர் ஜூலையில் வேறு எதனாலோ இறந்தாலும் கணக்கில் வருவார். 2020 ஆகஸ்ட் 12 அன்று, பாசிட்டிவ் வந்த 28 நாளுக்குள் இறந்தவர்கள் மட்டும் என்று மாற்றினார்கள். பிரிட்டனின் எண்ணிக்கையில் 5,000-க்கு மேல் ஒரே நாளில் குறைந்தது. யாரும் உயிர்த்தெழவில்லை, எல்லைக்கோடு நகர்ந்தது. அதே நாட்டின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம், நாள் கணக்குப் பார்க்காமல் மருத்துவர் சான்றில் என்ன எழுதினார் என்பதை வைத்து வேறொரு எண்ணை வாராவாரம் வெளியிட்டுக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் வேலை உண்டு. வேகமான எண் நாளைக்கு எத்தனை படுக்கை வேண்டும் என்று சொல்லும், நிதானமான எண் என்ன நடந்தது என்று சொல்லும்.

நாள் எல்லையின் சிக்கலைக் கருப்புப் பூஞ்சை நன்றாகக் காட்டியது. கோவிட் வந்தது, ஸ்டீராய்டு கொடுத்தார்கள், சர்க்கரை ஏறியது, மூக்கிலும் கண்ணிலும் பூஞ்சை பிடித்தது, நாற்பதாவது நாள் உயிர் போனது. நாள் கணக்கில் அவர் வெளியே. ஆனால் படிவத்தின் மூன்று வரிகளைக் கீழிருந்து நிரப்பினால் தொடக்கம் எது என்பதில் சந்தேகமே இல்லை.

அப்புறம் இது பணத்தோடும் வந்து சேர்ந்தது. 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், கோவிடால் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை வழங்க வழி வகுக்கச் சொன்னது, காரணம் குறித்த சான்று பெறும் முறையை எளிதாக்கவும் சொன்னது. செப்டம்பர் 3-ஆம் தேதி மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்தது. பரிசோதனை செய்த அல்லது மருத்துவர் கோவிட் என்று கணித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் இறந்தால், வீட்டில் இறந்தாலும்கூட, கோவிட் மரணம். மருத்துவமனையில் சேர்ந்து அங்கேயே 30 நாளைத் தாண்டி இறந்தாலும் சரி. மறுக்கப்பட்டவர்கள் முறையிட மாவட்டந்தோறும் குழு. நிவாரணம் 50,000 ரூபாய்.

இப்போது குடும்பங்கள் காரணம் எழுதிய தாளைத் தேடிப் போனார்கள். கையில் இருந்தது இறப்புச் சான்றிதழ். அதில் பெயர், தேதி, இடம், முகவரி எல்லாம் இருந்தது, காரணம் இல்லை. யாரோ மறைத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கோபப்பட்டவர்கள் நிறைய. உண்மை என்னவென்றால், 1969 சட்டத்தின் 17-ஆவது பிரிவே, வெளியே தரும் நகலில் காரணத்தைக் காட்டக் கூடாது என்று சொல்கிறது. நோயின் பெயரால் ஒரு குடும்பத்துக்கு அவப்பெயர் வரக் கூடாது என்ற நியாயம் அதில் தெரிகிறது. படிவம் 4-ஐ எடுத்துப் பாருங்கள், அடியில் கிழித்து உறவினரிடம் கொடுக்க ஒரு துண்டு இருக்கும். இன்னார் இந்தத் தேதியில் சேர்ந்தார், இந்தத் தேதியில் இறந்தார். அவ்வளவுதான். காரணம் எழுதிய மேல்பகுதி பதிவாளருக்குப் போய்விடும். மருத்துவக் காரணச் சான்றை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும் என்று இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் சுற்றறிக்கை அனுப்பியது 2021 செப்டம்பரில்தான். மருத்துவமனைகள் இச்சான்றைக் கட்டணமின்றிக் கொடுப்பது 2023-இல் சட்டத் திருத்தமாகவே வந்தது.

நிவாரணம் தரத் தொடங்கிய பிறகு கணக்கின் ஓட்டை எல்லோருக்கும் தெரிந்தது. குஜராத்தில் அரசுக் கணக்கில் கோவிட் மரணம் 10,094. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்துக்கு அந்த அரசு சொன்னபடி, அதுவரை ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள் மட்டும் 68,370. 30 நாள் விதி விரிந்த வலை என்பதால் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் ஆறு மடங்குக்கு மேல் என்பதை அந்த விதியால் மட்டும் விளக்க முடியாது.

அதற்கு ஒரு வருடம் முன்பு வரை 'கோவிட்' என்ற இதே சொல்லை எழுத வேண்டாம் என்று கெஞ்சிய குடும்பங்களும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. 2020 ஏப்ரலில் சென்னையில் கோவிடால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் புதைக்க விடாமல் கூட்டம் தடுத்தது. ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த எந்த வீட்டில் 'காரணம்: கோவிட்' என்று எழுதுவதை விரும்பியிருப்பார்கள்? இலங்கையில் அந்த ஒரு சொல்லின் கனம் இன்னும் கூடுதல். அங்கே 2020 ஏப்ரலிலிருந்து கோவிட் மரணம் என்றால் தகனம் கட்டாயம். முஸ்லிம் குடும்பங்களுக்கு, பிரேதப் பரிசோதனையின்போது எடுத்த மாதிரியின் முடிவு, தங்கள் பிள்ளையை மார்க்கப்படி அடக்கம் செய்யலாமா கூடாதா என்பதைத் தீர்மானித்தது. 2021 பிப்ரவரி கடைசியில்தான் அந்த விதி விலக்கப்பட்டது. மருத்துவமனைக்கே கொண்டுபோகப் பயந்தவர்கள் இருந்தால் அதில் என்ன வியப்பு? பயம் இருக்கும் இடத்தில் சரியான காரணம் பதிவாகாது.

சரி, காரணத்தை நம்ப முடியாதபோது என்ன செய்வது? காரணத்தை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுவதுதான் வழி. வழக்கமான வருடங்களில் இந்த மாதத்தில் இத்தனை பேர் இறப்பார்கள், இந்த வருடம் இத்தனை பேர் இறந்தார்கள், இடையில் உள்ளதே 'மிகை இறப்பு'. சென்னையின் பதிவேட்டை வைத்து இப்படி ஒரு ஆய்வு செய்தார்கள், லான்செட் குழும இதழில் வந்தது. 2020 மார்ச்சிலிருந்து 2021 ஜூன் வரை நகரத்தில் பதிவான இறப்புகள் 87,870, எதிர்பார்த்ததைவிட 25,990 அதிகம். அரசு சொன்ன கோவிட் மரணங்கள் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

நாடு முழுக்கப் பார்த்தால், 2019-இல் பதிவான இறப்புகள் சுமார் 76.4 லட்சம். 2020-இல் 81.2 லட்சம். 2021-இல் 1.02 கோடி. பதிவு செய்யும் பழக்கம் வருடாவருடம் கூடிவருவதால் இந்த உயர்வு முழுவதையும் தொற்றின் தலையில் கட்ட முடியாது, அதே சமயம் ஒரே வருடத்தில் 21 லட்சம் கூடுவதைப் பழக்கம் மட்டும் விளக்கவும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் இந்தியாவின் மிகை இறப்பை 2020, 2021 இரண்டு வருடங்களுக்கும் சேர்த்து 47 லட்சம் என்று மதிப்பிட்டது. இந்திய அரசு அந்தக் கணித முறையையே ஏற்கவில்லை. அதே 2021 இறுதி வரை அரசுக் கணக்கு 4.8 லட்சம்.

மிகை இறப்பு எண்ணும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. டயாலிசிஸ் தவறியதால் போனவர், ஊரடங்கில் வண்டி கிடைக்காமல் மாரடைப்பில் போனவர் எல்லோரும் அதற்குள் இருக்கிறார்கள். சாலைகள் காலியாக இருந்ததால் விபத்தில் தப்பித்தவர்கள் மறுபக்கம் குறைக்கிறார்கள். இந்தியாவில் சாலை விபத்து மரணம் 2019-இல் 1.51 லட்சம், 2020-இல் 1.32 லட்சம். எத்தனை பேர் என்று சொல்லும் அந்த எண், யார், எதனால் என்று சொல்லாது.

நூறு வருடம் முன்பும் இதே நிலைதான். 1918 இன்ஃப்ளுயன்சாவில் பிரிட்டிஷ் இந்தியாவில் இறந்தவர்கள் 1.2 கோடியிலிருந்து 2 கோடி வரை என்று மதிப்பிடுகிறார்கள். இவ்வளவு பெரிய இடைவெளி ஏன்? ஊர்களில் சாவைப் பதிந்தது மருத்துவர் இல்லை, கிராம அதிகாரி. அவர் முன் இருந்த பத்திகள் காலரா, அம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சுவாச நோய், காயம், மற்றவை. இன்ஃப்ளுயன்சாவுக்குப் பத்தியே இல்லை. பெரும்பாலானவை 'காய்ச்சல்' பத்தியில் விழுந்தன. அந்த ஆண்டில் காய்ச்சல் பத்தி ஏன் அப்படி வீங்கியது என்று பார்த்துத்தான் பிற்காலத்தவர்கள் கணக்குப் போட்டார்கள்.

2020-இலும் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதியவை 22.5 விழுக்காடுதான். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் சாவுக்கு மருத்துவக் காரணம் என்று எங்கும் எழுத்தில் இல்லை. அவர்களுக்காக ஒரு முறை இருக்கிறது. மாதிரிப் பதிவுத் திட்டத்தில் தேர்ந்தெடுத்த ஊர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பணியாளர் போகிறார். சாவு விழுந்த வீட்டில், கூட இருந்து பார்த்தவரிடம் உட்கார்ந்து கேட்கிறார். காய்ச்சல் எத்தனை நாள், இருமல் முதலில் வந்ததா மூச்சிரைப்பு முதலில் வந்ததா, கடைசியாக எப்போது சாப்பிட்டார், மருந்துச்சீட்டு ஏதாவது இருக்கிறதா. கட்டங்களை நிரப்பிய பிறகு, நடந்ததை நடந்த வரிசையில் அரைப் பக்கம், வீட்டார் பேசும் மொழியிலேயே எழுதிக்கொள்கிறார். இறந்தவரைப் பார்த்தேயிராத இரண்டு மருத்துவர்களுக்கு அந்தத் தாள் தனித்தனியாகப் போகிறது. இருவரும் ஒரே குறியீட்டைப் போட்டால் சரி, இல்லாவிட்டால் மூன்றாமவர் ஒருவரிடம் போகும். அவருக்கு முன்னாலும் இருப்பது, "புதன்கிழமை ராத்திரி திடீரென்று மூச்சு வாங்க ஆரம்பித்தது, அதற்கு முன்னால் நன்றாகத்தான் இருந்தார்" என்பது போல ஒரு மனைவியோ மகளோ சொன்ன அந்த அரைப் பக்கம்தான்.